கால் ஊன்றாத ஏற்றம்

என் மாப்பிள்ளை கன்னியப்பனுக்கு, காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் சைக்கிள் மணி கேட்கிறதா என்று காது கொடுக்கிற உன் மச்சான் எழுதிக்கொள்வது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஆரணியாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மீன்கூடையிலிருந்து சொட்டின ஐஸ் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு சொன்னேன். பட்டணத்து ஜனம் ஒரு நாள் மீனும் இல்லாமல் சுமையும் இல்லாமல் சும்மாவே இந்த ரோட்டில் மிதிக்க வரும், எழுதி வைத்துக்கொள் என்றேன். நீ எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சாட்சிக்கு நான் யாரிடம் போவது?

வந்துவிட்டார்கள் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழவேற்காட்டுக் கடைத்தெருவே அவர்கள்தான். தொடையைப் பிடிக்கிற கால்சட்டை, தலையில் கவிழ்த்த நண்டு ஓடு மாதிரி ஒரு தொப்பி. ஒரு விரலால் தூக்கிவிடலாம் போன்ற சைக்கிள். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. டீ குடிக்க வந்தால் சைக்கிளைத் தரையில் படுக்க வைக்கிறார்கள், பச்சைப் பிள்ளையைப் படுக்க வைப்பது போல.

டச்சுக் கல்லறை வாசலில்தான் கூடுவார்கள். தூணில் செதுக்கியிருக்கிற இரண்டு எலும்புக்கூட்டையும் போட்டோ எடுப்பார்கள். நான் பக்கத்தில் போய் நின்று விவரம் சொல்வேன். அந்த இரண்டு பேரும் ஒல்லாந்தர் காலத்தில் நம் மலை ரோட்டில் ஏறப் பார்த்து, முடியாமல் அப்படி ஆனவர்கள் என்று. ஒல்லாந்து தேசத்தில் இன்றைக்கும் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள் என்று கண்ணாடி போட்ட ஒரு பெண் சொன்னாள். அதனால்தான் ஒல்லாந்தன் கப்பலில் இருந்து முதலில் சைக்கிளை இறக்கினான், பிறகுதான் பீரங்கியை இறக்கினான் என்றேன். அந்தக் காலத்தில் சைக்கிளே கண்டுபிடிக்கவில்லை அங்கிள் என்றாள். உங்கள் ஊரில் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போகும்போது அந்தப் பெண் எலும்புக்கூட்டின் காலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் சொன்னாலும் பேச்சுக்கு ஒரு எடை இருக்கிறது, இல்லையா?

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். அன்றைக்குப் படத்துக்கு மாலை போட்டு வடை பாயசத்தோடு முடித்துவிடலாம் என்று என் தங்கச்சி பவானி சொன்னாள். உன் மகள் தேவகி கேட்கவில்லை. நைனா மீன் கொண்டுபோன ரோட்டிலேயே எல்லாரும் சைக்கிளில் போய், மலையேறிவிட்டு வந்துதான் சாப்பாடு என்றுவிட்டாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு அட்டை அடிக்கிறாள். அதன் பின்பக்கத்துக்கு நான்கு வரி எழுதிக் கொடுங்கள் மாமா என்று கேட்டாள். நான்கு வரியில் உன்னை எப்படி மடிப்பது? நான் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

தேவகி சேதியை முதலில் சொல்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில்தான் இன்னும் வேலை. கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் நம்பர் போடுகிறாள். அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று கறுப்புக்கொடி பிடித்து வெயிலில் உட்கார்ந்தவன் நீ. வேலைக்கான கடிதம் வந்த அன்றைக்கு அவள் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி நான் புடிச்சேன், அது எங்கூட போவட்டும், நீ போய் வேலையப் பாரு என்று நீதான் சொன்னாய். அந்தச் சம்பளத்தில்தான் கியர் சைக்கிள் வாங்கினாள். முதல் வாரம் குப்பத்துப் பெண்கள் எல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இப்போது பாதிப் பேர் பிள்ளைகளுக்கு அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அதையும் நான் முன்னாலேயே சொன்னேன்.

அவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள், எங்க நைனாவும் மாமாவும் ஏரியில் இருந்து மலைக்கு மீன் மிதித்தார்கள் என்று. அந்த ரோடு எது, காட்டு என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். எத்தனை கிலோமீட்டர் மாமா என்றாள். யாருக்குத் தெரியும் கிலோமீட்டர்? நமக்குத் தெரிந்தது ஐஸ்தானே.

சொன்னேன். ஏரிக்கு மேலே பாலம் வராத காலத்தில் லைட்ஹவுஸ் குப்பத்தில் இருந்து சைக்கிளைப் படகில் ஏற்றி அந்தப் பக்கம் இறங்குவோம். ஐஸ் பேக்டரியில் கட்டியை உடைத்து, உமி கலந்து, மடவை மீனை வரிசையாக அடுக்கி, மேலே சாக்கைப் போட்டுக் கட்டுவோம். ஆரணியாற்றைத் தாண்டி ஏரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வடக்கே மிதித்தால் சுண்ணாம்புக்குளம் வரைக்கும் ஐஸ் கல்லாக இருக்கும். அது கல்லு தூரம். அங்கே இருந்து ஆரம்பாக்கம், ரயில்வே கேட், டிரங்க் ரோடு வரைக்கும் ஐஸ் கஞ்சியாகிவிடும். அது கஞ்சி தூரம். டிரங்க் ரோட்டைக் குறுக்கே தாண்டி மேற்கே, மாந்தோப்பு நடுவில் புகுந்து, புளியங்கண்டிகை மலையடிக்கு வரும்போது கூடைக்குக் கீழே ஒழுகுவது தண்ணீர். இனி மலையைத் தாண்டி அந்தப் பக்க ஏரியோரத்து ஊர்களுக்குள் போய், சேப்பலு, சேப்பலு என்று நீ தெலுங்கில் மீன் கூவுகிற வரைக்கும் தண்ணி தூரம். தண்ணி தூரத்தில் நின்று மூச்சு வாங்கினால் மீன் கண் வெளுத்துவிடும்.

தேவகி போனில் ஏதோ தட்டினாள். திருப்பிக் காட்டினாள். வரைபடத்தில் நம் ரோடு ஒரு நீலக் கோடாக ஓடுகிறது. அதன் மேல் மூன்று இடத்தில் கல்லு, கஞ்சி, தண்ணி என்று எழுதியிருக்கிறது. உலகத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் இது தெரியும் மாமா என்றாள். அந்த மூன்று பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன் மாப்பிள்ளை.

பிறகு பாடு பற்றியும் சொன்னேன். ஏரியில் இறால் வலை கட்டுகிற இடத்துக்கு நம் ஆட்கள் முறை போட்டுச் சீட்டு எடுப்பார்கள் இல்லையா, இந்த அமாவாசைக்கு இந்த இடம் இவன் பாடு என்று. சைக்கிள்காரர்கள் நாமும் அதே மாதிரி ரோட்டுக்குப் பாடு வைத்திருந்ததைப் பட்டணத்து ஆட்கள் நம்பவே இல்லை. மூன்று ரோடு, மூன்று மட்டிச் சிப்பி. கோடு போடாத சிப்பி பொன்னேரி ரோடு, நிழலும் டீக்கடையுமாகச் சொகுசாகப் போகலாம். ஒரு கோடு ஆற்றோரம், நெல்லு விளைகிற ஊர்கள். இரண்டு கோடு போட்ட சிப்பி மலை. ரோட்டுக்கு இரண்டு பேர். அமாவாசைக்கு அமாவாசை ஜோடிக்கு ஒருவர் சட்டியில் கைவிட்டு எடுப்போம். என் கைராசிக்கு இரண்டு கோடு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அதைத் துரதிர்ஷ்டம் என்பார்கள். மலை ரோட்டுக்கு ஆம்பிளை வேண்டும் என்று மலைக்கே தெரியும் என்பேன் நான்.

அந்த ரோட்டில் என்னோடு போக எவனும் விரும்பவில்லை, நீ வருகிற வரைக்கும். அப்போது உனக்கு மீசை கூடச் சரியாக அரும்பவில்லை. அண்ணே என்று கூப்பிடுவாய். வழியெல்லாம் நான் பேசுவேன், நீ மணி அடிப்பாய். சுண்ணாம்புக்குளத்துக்கு முன்னால் ஏரி விலகுகிற இடத்தில் நாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பும்போது மட்டும் நீ மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளவிடுவாய். ஐஸ் உருகுதுடா என்று நான் பின்னால் கத்துவேன். உருகட்டும்ணே, ரெண்டு சொட்டு என்பாய். இப்போது அந்த இடத்தில் பட்டணத்து ஆட்களும் நிறுத்துகிறார்கள். எவரும் சொல்லித்தரவில்லை. அந்த இடமே நிறுத்துகிறது போல.

சரி, ஏற்றத்துக்கு வருகிறேன். இந்தக் கதையைத் தேவகிக்கு அவள் தூளியில் கிடந்த காலத்தில் இருந்து சொல்கிறேன். அவளுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ குறுக்கே பேசாதே. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாய். அங்கேயும் அப்படியே பார்த்துக்கொள்.

புளியங்கண்டிகை ஏற்றத்துக்கு மூன்று வளைவு. முதல் வளைவில் குங்குமம் வைத்த கல், இரண்டாவதில் பாறை ஊற்று, மூன்றாவதைத் தாண்டினால் உச்சியில் புளியமரம். சுமையோடு அதை மிதித்து ஏறின ஆள் கிடையாது. முதல் கல்லிலேயே எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஒருவன் ஹேண்டில் பிடிக்க, இன்னொருவன் பின்னால் கூடையைத் தள்ள, ஒரு சைக்கிளை மேலே விட்டுவிட்டுத் திரும்பி வந்து மற்றதைத் தள்ளுவார்கள். அதுதான் முறை. ஒரு பங்குனி வெயிலில், அந்தப் பக்கத்து ஊரில் கல்யாண வீட்டு மறுநாள் விருந்துக்கு மீன் கொண்டுபோனோம். உன் கேரியரில் மட்டும் ஐம்பது கிலோ மடவை. நான் முன்னாலேயே மேலே போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். கீழே பார்த்தால் நீ வருகிறாய். குங்குமக் கல், ஊற்று, மூன்றாவது வளைவு. இறங்கவில்லை. ஒரு கால் தரையில் படவில்லை. புளியமர நிழலில் வந்துதான் பிரேக் பிடித்தாய். அன்றைக்கே நான் முடிவு செய்தேன், என் தங்கச்சி பவானி இவனுக்குத்தான் என்று. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், கால் ஊன்றாத ஒருத்தனைப் பார்த்துவிட்டேன் என்று.

இதுதான் கதை. குப்பத்தில் இதை அறியாதவர் இல்லை. உன் கல்யாணப் பந்தலில் சொன்னேன், தேவகி காது குத்தில் சொன்னேன், உன்னைக் கொண்டுபோன அன்றைக்கு வந்தவர்களுக்கும் சொன்னேன்.

இதில் ஒரு வினை வந்து சேர்ந்தது. போனில் ரோட்டுக்கு மட்டும் இல்லையாம், ஏற்றத்துக்கும் பெயர் வைக்கலாமாம். புளியங்கண்டிகை ஏற்றத்துக்கு இன்னும் பெயர் இல்லை. ஒரு தரம் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அதுதான் தெரியும். கன்னியப்பன் ஏற்றம் என்று வைத்துவிடு என்றேன். வைத்திருக்கலாம். உன் பிள்ளை இல்லையா, பிடிவாதம். நானும் கால் ஊன்றாமல் ஏறிவிட்டுத்தான் நைனா பேர் வைப்பேன், சும்மா உட்கார்ந்த இடத்தில் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

முதல் தரம் ஊற்றுக்கிட்டே இறங்கிவிட்டாள். இரண்டாவது தரமும் ஊற்று. மூன்றாவது தரம் மூன்றாவது வளைவு ஆரம்பத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள். கியரே இல்லாம அம்பது கிலோவோட நைனா ஏறியிருக்காரு, எனக்கு இன்னா கேடு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பவானி என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். உன் பொண்டாட்டி என்னிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். மீன் காய வைத்திருந்த பாயைச் சுற்றிவந்து என் முன்னால் நின்றாள்.

"ஏண்ணா, அந்த மனுசன் ஏறுனாரோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. நான் எப்ப கேட்டாலும் உங்கண்ணனக் கேளுன்னு சிரிப்பாரு. இப்ப எம் பொண்ணு முட்டி பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. ஒண்ணு அவள நிறுத்து, இல்லன்னா உங்கதைய நிறுத்து."

முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு என்றேன். அந்தப் பதிலுக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே மாப்பிள்ளை, அது நீ வாங்கியிருக்க வேண்டியது.

தேவகியிடம் போய்ப் பேசினேன். சுமை முப்பதுதான் இருக்கும்மா என்று கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன். காற்று பின்னால் இருந்து அடித்தது என்றேன். அப்போது மலை இவ்வளவு உயரம் இல்லை என்று கூடச் சொன்னேன். அவள் முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"கால் ஊணல, அது நெஜந்தான மாமா?"

நிஜம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான்காவது தரம். தனியாக விட மனசு வராமல் நானும் போனேன். என் சைக்கிளில் இல்லை, நம் ஏழுமலையின் ஷேர் ஆட்டோவில். ஐஸ் பெட்டியில் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, முன்னாலேயே மலை ஏறிப் புளியமரத்தடியில் நின்றேன். கதையில் நான் நின்ற அதே இடம். அங்கே அப்படி நிற்பது எனக்கு என்னவோ போல் இருந்தது, ஏன் என்று உனக்குத் தெரியும்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தேவகிதான் முன்னால். குங்குமக் கல்லைத் தாண்டினாள். ஊற்றைத் தாண்டினாள். மூன்றாவது வளைவில் அவள் தலை தெரிந்தது. சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள், இப்படியும் அப்படியும் சைக்கிள் ஆட, உதட்டைக் கடித்துக்கொண்டு. உன் முகம் அப்படியே. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வலை நீளம்கூட இல்லை. ஏழுமலை கை தட்ட ஆரம்பித்துவிட்டான்.

அப்போது கீழே ஒரு சத்தம். பேங்க் சார் என்று அவர்கள் கூப்பிடுகிற ஒருவர், கொஞ்சம் கனத்த உடம்பு, ஊற்றுக்கு மேலே தொடை பிடித்துக்கொண்டு சைக்கிளோடு ஓரத்துக் கல்லில் விழுந்துவிட்டார். கூட வந்தவர்கள் இன்னும் பின்னால் கிடந்தார்கள். தேவகி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மேலே மரத்தைப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை, அந்த ஒரு நொடியை நான் முழுசாகப் பார்த்தேன். காலை ஊன்றினாள். சைக்கிளை அப்படியே ரோட்டில் படுக்க வைத்துவிட்டுக் கீழே ஓடினாள், வீங்கின முட்டியோடு.

அந்த மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கை உரசல். காலை நீவிவிட்டு, ஊற்றுத் தண்ணீர் தெளித்து, தோளில் கை போட்டு மேலே கூட்டிவந்தாள். எல்லாரும் எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்தார்கள். பேங்க் சார் பத்துத் தரம் நன்றி சொன்னார். அவள் சிரித்தாள். அவர்கள் எல்லாம் அந்தப் பக்க ஏரியைப் பார்க்கப் போன பிறகு, மரத்து வேரில் உட்கார்ந்து முட்டிப் பட்டையைக் கழற்றினாள்.

நீ காப்பாத்தத்தானே இறங்கின, அது கணக்கில் வராது, பேர் வைத்துவிடு என்றேன்.

"நைனா ஊணல மாமா. நான் ஊணிட்டேன். அவ்ளோதான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்காக எல்லாரையும் கூட்டிப்போவேன், அதோடு சைக்கிளைக் கொடுத்துவிடுவேன், ஏற்றத்துக்கு அவர்கள் புளியமரம் என்று ஏதாவது வைத்துக்கொள்ளட்டும் என்றாள். ஆட்டோவிலேயே வீட்டுக்கு வந்தாள். ஏரியோரம் நாரைகள் எழுந்தபோது ஏழுமலை தானாக வண்டியை மெதுவாக்கினான். அவள் பார்க்கவில்லை.

இதற்கு மேல் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது மூடியாகவே இல்லை. இந்த நோட்டை நான் யாரிடமும் படிக்கக் கொடுக்காமல் அடுக்குப் பானைக்குள் போட்டுவிடலாம். நீ சொல்ல மாட்டாய். நீ அன்றைக்கே சொல்லவில்லை, இனியா சொல்லப் போகிறாய்?

கேட்டுக்கொள், தேவகி. நீதான் இதை ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு முன்னால் உரக்கப் படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் நைனாவுக்கு எழுதுகிற சாக்கில் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பங்குனி நாள் காலையில் ஐஸ் பேக்டரியில் வைத்து, இன்றைக்கு ஏற்றத்தைச் சுமையோடு மிதித்துக் காட்டுகிறேன் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டவன் நான். நீ என்னோடு சேர்ந்து மிதித்தாய் மாப்பிள்ளை, அவ்வளவுதான். முதல் வளைவில் நாம் சமமாக இருந்தோம். ஊற்றுக்கிட்டே நீ முன்னால் போய்விட்டாய். எனக்குக் கண் இருண்டது. கூடையோடு பள்ளத்தில் விழுந்தேன். மடவை எல்லாம் முள்ளுச் செடிக்குள் சிதறிக் கிடந்தது, என் வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ மூன்றாவது வளைவைத் தாண்டிவிட்டிருந்தாய். புளியமரம் உனக்கு எதிரிலேயே நின்றது. அதுவரைக்கும் சைக்கிள்காரர் ஒருவரும் செய்யாததைச் செய்துமுடிக்க இன்னும் பத்து மிதி இருந்திருக்கும் உனக்கு.

கூடை விழுந்த சத்தம் கேட்டு நீ காலை ஊன்றினாய்.

ஓடிவந்தாய். நான் மீன், மீன் என்று புலம்பினேன். "மீன் கெடக்குது, நீ மொதல்ல எந்திரிண்ணே" என்றாய். என்னை ஊற்றுப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு மீனாகப் பொறுக்கி, ஊற்றுத் தண்ணீரில் அலசி, உன் கூடையில் இருந்த ஐஸில் பாதியை என் மீனுக்குப் போட்டாய். பிறகு என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் மேலே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, உன் சைக்கிளையும் தள்ளினாய். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். உச்சியில் போய் உட்கார்ந்ததும், விழுந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று நீயாகவே சொன்னாய். நான் கேட்கக்கூட இல்லை.

திரும்பி வந்தால் ஐஸ் பேக்டரியில் அந்த நாலு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னா, ஏறினியா என்றார்கள். நான் ஏறவில்லை, இவன் ஏறினான், கால் கீழே படவில்லை, நான் மேலே நின்று பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். நீ என் மானத்தை மறைத்தாய், பதிலுக்கு நான் உனக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன். நீ மறுத்தால் என் பள்ளம் வெளியே வந்துவிடும். அதனால் வருஷக்கணக்காகச் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாய். பவானியிடம் கூடச் சொல்லவில்லை. பொய் என்னுடையது, அதைச் சுமந்தவன் நீ. இப்போது அந்தச் சுமையில் பாதி உன் மகள் முட்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஒப்புக்கொள்கிறேன் மாப்பிள்ளை. இந்தக் கதையில் ஒரே ஒரு விவரம் நான் கட்டினது. உன் கால் ஊன்றாதது. அதைப் பிடித்து இழுத்தால் நான் நின்ற இடமும் கூடவே வந்துவிடுகிறது, அது என் தலையெழுத்து. அம்மாவிடம் அன்றைக்கு நான் போய்ச் சொன்னதும் வேறு. எனக்காக இறங்கி வந்த ஒருத்தன் இருக்கிறான் என்றுதான் சொன்னேன். கால் ஊன்றாதவனுக்கு நான் பவானியைக் கொடுக்கவில்லை.

மற்றதெல்லாம் நிஜம். கல்லு, கஞ்சி, தண்ணி நிஜம். இரண்டு கோட்டுச் சிப்பி என் கையில் ஒட்டினது நிஜம். உச்சிப் புளியமரத்தடியில் நின்றால் நம் லைட்ஹவுஸ் தெரியும் என்று நான் சொல்வதும் நிஜம், தேவகிக்குத் தெரியவில்லை என்றால் அவள் பேங்க் சாரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டோவில் போகப் போவதில்லை. உன் பழைய சைக்கிளுக்கு டியூப் மாற்றிவிட்டேன். மலையடி வரைக்கும் மிதிப்பேன், ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடப்பேன், எல்லார் கண்ணுக்கும் தெரிய. மூன்றாவது வளைவைத் தாண்டி, நீ காலை ஊன்றின இடத்தை என் கையால் உன் மகளுக்குக் காட்டுவேன். போன வாரம் அவள் சைக்கிளைப் படுக்க வைத்தாளே, அதற்கும் இதற்கும் நாலு தப்படிதான். அங்கே நின்று அவள் உன் பெயரை வைக்கட்டும். அந்த நாலு தப்படியை நான் ஒரு நாளும் இரண்டாக்கிச் சொல்ல மாட்டேன்.

உன் பின்னால் வெறுங்கையோடு மலையேறின மச்சான்,
பவானியின் அண்ணன், தேவகியின் மாமன்,
வேலாயுதம்,
லைட்ஹவுஸ் குப்பம்.